கூச்சம் என்னும் அளவுகோல்: பழனிமலைப் பழங்குடிகள் பற்றிய எழுத்துகளும் அன்றாட இழிவும்

ஆய்வுச் சுருக்கம்

பழனிமலைத் தொடரில் வாழும் பளியர், மலைப்புலையர் ஆகிய இரு சமூகங்களைப் பற்றிக் காலனிய ஆவணங்கள் தீட்டிய சித்திரம் விடுதலைக்குப் பிந்தைய அரசின் வகைப்பாட்டிலும் அன்றாடப் பழக்கத்திலும் தொடர்ந்து வருவதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிறரால் இழிவாக நடத்தப்பட்டதற்கு எதிர்வினையாகப் பளியர் மேற்கொண்ட விலகலே ‘கூச்சம்’ என்னும் இயல்பாகப் பதிவு பெற்றது. அதுவே பின்னர்ப் பழங்குடி அடையாளத்தின் சட்ட அளவுகோலாயிற்று. அவ்வளவுகோலுக்குப் பொருந்தியவர் பின்தங்கியவராகவும் பொருந்தாதவர் பழங்குடியல்லாதவராகவும் கருதப்படும் நிலை இவ்வாறு உருவானது என்பது கட்டுரையின் வாதம்.

குறிச்சொற்கள்: பழனிமலை, பளியர், மலைப்புலையர், குன்னுவர், காலனிய இனவரைவியல், பழங்குடிப் பட்டியல், வன உரிமை

முன்னுரை

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களின் வழியே செல்லும் மலைச்சாலை கிளாவரையில் முடிகிறது. அதற்கப்பால் காடும் கேரள எல்லையும் உள்ளன. சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அமைத்த நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதால் இவ்வூர்களின் உழவு வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. ஆயினும், இந்த மேல்மலையில் முதலில் வாழ்ந்தோர் யார், படிநிலங்களில் உழைத்தோர் யார், அவர்கள் இன்று எப்பெயரால் அழைக்கப்படுகின்றனர் என்னும் வினாக்கள் அந்தக் கவனத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

மலையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் சமூகங்களுள் மூன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. காட்டில் கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்த பளியர் முதலாமவர். மலையில் பயிர்செய்து, பின்னர்ப் பண்ணையாட்களாக்கப்பட்ட புலையர் இரண்டாமவர். சமவெளிப் புலையர், கேரளப் புலையர் ஆகியோரிடமிருந்து வேறுபடுத்தி இவர்கள் மலைப்புலையர் எனப்படுவர். கொங்கு நாட்டிலிருந்து குடியேறி நிலவுடைமையாளரான குன்னுவர் மூன்றாமவர். முதலிரு சமூகங்களும் எழுத்தில் எவ்வாறு படைக்கப்பட்டன, அவ்வெழுத்து அவர்களின் வாழ்வில் எவ்வாறு செயல்படுகிறது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

மலையின் வரலாறு எங்கே தொடங்குகிறது?

கொடைக்கானல் பற்றிய வழக்கமான வரலாறு 1821இல் தொடங்கும். அவ்வாண்டில் பி.எஸ். வார்டு என்னும் அதிகாரி மலையை நில அளவை செய்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் முதல் வீடுகளைக் கட்டினர். ஏரி, கல்லூரி, வானாய்வு நிலையம் என அவ்வரலாறு தொடரும். இதில் பழங்குடியினர் சுமை தூக்குவோராகவோ வழிகாட்டிகளாகவோ மட்டுமே தோன்றுவர்.

தமிழ் மரபு இம்மலையை வேறுவகையில் அறிந்திருந்தது. புறநானூற்று 205ஆம் பாடல் கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் பற்றியது. அதைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். அகநானூறு பொதினியை ஆவியர் குடியோடு இணைத்துப் பேசுகிறது. பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. இச்சான்றுகளைக் கொண்டு இன்றைய சமூகம் எதையும் சங்ககால வேட்டுவரோடு நேராகப் பிணைப்பது முறையன்று. ஆனால், ஆங்கிலேயர் வருமுன் இம்மலை ஆளற்ற வெற்றிடமாக இருந்ததென்னும் எண்ணத்தை மறுக்க இவை போதுமானவை.

தொல்லியல் சான்றுகளும் அவ்வாறே அமைகின்றன. செண்பகனூரைச் சார்ந்த இயேசு சபைத் துறவியர் ஆங்லேடு, நியூட்டன் ஆகியோர் பழனிமலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னர்த் தாண்டிக்குடியில் கா. ராஜனும் அவர்தம் குழுவினரும் அகழாய்வு நடத்தினர். மலையில் பெருங்கற்காலப் பண்பாடு வேரூன்றியிருந்ததை இவ்வாய்வுகள் தெளிவுபடுத்தின.

இக்கற்திட்டைகளைப் பாண்டவர் கட்டியவை என்றும் குள்ளர் வாழ்ந்தவை என்றும் கூறும் வழக்குகள் தமிழகத்தில் பரவலாக உள்ளன. பளியரோ புலையரோ இவற்றைக் கட்டினர் என நிறுவ இன்று சான்றில்லை. எனினும், புராண மாந்தரையும் கற்பனைக் குள்ளரையும் கட்டியோராக எண்ணிப் பார்க்க இயன்ற சமூக மனம், அம்மலையில் கண்ணெதிரே வாழ்வோரின் முன்னோரை அவ்வாறு எண்ணிப் பார்க்கவும் முன்வரவில்லை. இது சான்றின்மையால் மட்டும் நேர்ந்ததன்று.

மாவட்ட நூல்களில் இரு சமூகங்கள்

பழனிமலை மக்களைப் பற்றி விரிவாகப் பேசும் ஆங்கில நூல்களுள் மூன்று முதன்மையானவை. ஜே.எச். நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு 1868இல் வெளிவந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி 1906இல் வெளிவந்தது. எட்கர் தர்ஸ்டனும் க. ரங்காச்சாரியும் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. பின்வந்த நூல் முன்னைய நூலிலிருந்து எடுத்தாள்வது இவற்றின் வழக்கம். ஒருவர் ஒருமுறை எழுதிய கருத்து, பலர் பலமுறை கண்டறிந்த உண்மை போன்ற தோற்றத்தை இதனால் பெற்றது.

குன்னுவரின் குடியேற்றம் பற்றிப் பிரான்சிஸ் தரும் செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. தாராபுரம், காங்கேயம் பகுதி வேளாளரான அவர்கள் போராலோ பஞ்சத்தாலோ நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறினர் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி. விருப்பாட்சி, ஆயக்குடிப் பாளையக்காரர்கள் அவர்களுக்கு நிலம் கிடைக்க உதவினர் என்றும் ஒரு மரபு உண்டு. அதுவரை அந்நிலத்தைப் பயிரிட்டவர் புலையர். பிரான்சிஸ் அவர்களுக்குச் சோம்பேறிகள் என அடைமொழி தருகிறார். குன்னுவர் அவர்களை வெளியேற்றி நாளடைவில் பண்ணையடிமைகளாக்கினர் என்றும், அந்நிலையிலிருந்து புலையர் தம் காலத்திலும் முழுமையாக மீளவில்லை என்றும் அவரே தொடர்ந்து எழுதுகிறார்.

இவ்விரு கூற்றுகளும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு மக்களைச் சோம்பேறிகள் என்பதும், அவர்களின் உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்துப் பயன்கொண்டனர் என்பதும் எளிதில் பொருந்துவன அல்ல. உழைப்பில்லாதவரை அடிமைகொள்வதால் எவர்க்கும் பயனில்லை. ஆகவே, ‘சோம்பேறி’ என்னும் சொல் புலையரின் இயல்பைக் காட்டவில்லை. நிலம் கைமாறியதை நியாயப்படுத்தும் பணியையே அது செய்கிறது. வென்றோரின் மரபுக்கதை அரசு அச்சகத்தின் வழியே மாவட்ட வரலாறாயிற்று. தோற்றோரின் மரபுக்கதை அப்பத்தியில் இடம்பெறவில்லை. குன்னுவரும் இடருற்றுப் புலம்பெயர்ந்தவரே என்பதும் இங்கு மறக்கத்தக்கதன்று. இங்கு வினாவுக்குரியது எந்தச் சமூகத்தின் குணமும் அன்று, பதிவின் அமைப்பேயாகும்.

பளியர் பற்றிய விவரிப்பு இன்னும் கடுமையானது. மிகவும் பின்தங்கியவர், புலையரினும் நாகரிகம் குறைந்தவர், மரப்பரண்களிலும் குகைகளிலும் வாழ்பவர், பிறரைக் கண்டு கூச்சத்தால் ஒதுங்குபவர் என்பன பிரான்சிஸ் தரும் செய்திகள். அவர்கள் பேசும் தமிழின் ஒலிப்பு விளங்குவதற்கு அரிது என்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது. தர்ஸ்டன் தொகுதியில் இடம்பெறும் ஜே.ஈ. டிரேசி பாதிரியாரின் குறிப்பு, பெரியாறு மலையடிவாரத்தில் நாற்பது பேர் வாழ்ந்த ஒரு பளியர் குடியிருப்பைப் பற்றியது. அருகிலேயே தூய நீரோடை இருந்தும் அவர்கள் விலங்குகளைப்போல் அழுக்காக இருந்தனர் என்றும், தாம் கண்ட மனிதருள் இவர்களே நம்பிக்கைக்குச் சிறிதும் இடமற்றவர் என்றும் அவர் எழுதினார். ஒரு வருகையில் எழுந்த அருவருப்பு, ஒரு சமூகத்தின் இனவரைவியலாக நூலேறியது.

எனினும், இந்நூல்களில் பயனுள்ள செய்திகளும் உண்டு. கிழங்குகளைக் குழியிலிட்டு மேலே விறகடுக்கிச் சுடும் முறை, வெண்கல்லும் எஃகும் உரசி இலவம்பஞ்சில் தீப்பற்றவைக்கும் நுட்பம், இரவு முழுவதும் தீயைக் காத்தல் ஆகியவற்றைப் பிரான்சிஸ் பதிவுசெய்துள்ளார். இவை நுண்ணறிவையும் பயிற்சியையும் வேண்டும் செயல்கள். ஆனால், அவர் இவற்றைப் பின்தங்கிய நிலையின் அடையாளங்களாகவே வரிசைப்படுத்தினார். தரவு ஒன்றாக இருக்க, அதைத் தாங்கும் சட்டகமே பொருளை மாற்றியது.

கூச்சமா, விலகலா?

இச்சட்டகத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் எம். கார்ட்னர். 1962 முதல் 1964 வரை தென்தமிழக மலைச்சரிவுகளில் பளியரிடையே அவர் களப்பணி செய்தார். பளியர் வாழ்வில் தனிமனிதத் தன்னுரிமையும் சமநிலையும் அடிப்படையானவை. எவரும் எவரையும் தரம் குறைத்து நடத்தலாகாது. பூசல் எழுமாயின் மோதுவதினும் விலகிச் செல்வதே முறை என்பன அவர் கண்ட நெறிகள். கணவன்–மனைவி உறவிலும் பெற்றோர்–பிள்ளை உறவிலும் இந்நெறி இயங்குவதை அவர் விளக்கினார்.

காட்டில் உணவு தேடும் வாழ்வுக்கும் சமவெளியாரோடு கூலிவேலை செய்யும் வாழ்வுக்கும் இடையே பளியர் மாறிமாறி இயங்குவதை 1985இல் வெளியான தம் கட்டுரையில் அவர் ‘இருபண்பாட்டு ஊசலாட்டம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். இதன்படி பளியர் வெளியுலகை அறியாதவர் அல்லர். இரண்டு பண்பாட்டு முறைகளையும் அறிந்து, சூழலுக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் திறனுடையவர்.

இவ்விளக்கத்தை ஏற்பின், முந்தைய நூல்களிலுள்ள ‘கூச்சம்’ என்னும் சொல்லை மீண்டும் படிக்க வேண்டியுள்ளது. இழிவாக நடத்துவோரிடமிருந்து விலகுதல் பளியர் பண்பாட்டில் ஒழுக்கம். அவர்களைக் காண வந்த அதிகாரியும் பாதிரியாரும் ஒப்பந்தக்காரரும் அவர்களைச் சமமானவராகக் கருதவில்லை. ஆகவே அவர்கள் விலகினர். அவ்விலகலைக் கண்டோர், தம் நடத்தையை விடுத்து, விலகியோரின் இயல்பையே பதிவுசெய்தனர். உறவொன்றில் நிகழ்ந்தது ஒரு தரப்பின் குறையாகக் குறிக்கப்பட்டது.

‘நாகரிகம்’ என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. திருக்குறள் அச்சொல்லைக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் ஆள்கிறது. அங்கே அது உடையையும் உறையுளையும் குறிக்கவில்லை. பிறர்பால் காட்டும் இரக்கமுள்ள பெருந்தன்மையைக் குறிக்கிறது. பிறரைத் தரம் குறைக்காமையை வாழ்நெறியாகக் கொண்ட மக்களை நாகரிகமற்றோர் என எழுதியபோது, அச்சொல்லின் பழைய தமிழ்ப்பொருளும் உடன் கைவிடப்பட்டது.

விவரிப்பிலிருந்து விதிக்கு

பட்டியல்களைத் திருத்துவது குறித்து ஆராய இந்திய அரசு அமைத்த பி.என். லோகூர் குழு 1965இல் அறிக்கை அளித்தது. பழங்குடி என ஏற்பதற்கு அது ஐந்து அளவுகோல்களை வகுத்தது. தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, பிற சமூகத்தாரோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை என்பன அவை. மாவட்ட நூல்களின் அடைமொழிகள் ஏறத்தாழ அதே வடிவில் இங்கே அரசின் விதிகளாயின. உரிமை வழங்கும் நோக்கத்தோடு அமைந்த குழுவும் இழிவின் மொழியிலேயே அவ்வுரிமையை அளக்க நேர்ந்தது.

இவ்வளவுகோல் மக்களை ஒரு முட்டுச்சந்தில் நிறுத்துகிறது. கூச்சத்தோடு ஒதுங்கி வாழ்வோர் முன்னேற்றத்துக்குத் தகுதியற்றவராகக் கருதப்படுவர். பள்ளி சென்று, வேலை பெற்று, அதிகாரியிடம் நிமிர்ந்து பேசுவோர் உண்மையான பழங்குடியினர்தாமா என்னும் ஐயத்துக்கு உள்ளாவர். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச்சான்றை 1989 முதல் வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்குகிறார். போலிச் சான்றுகளைத் தடுக்க எழுந்த இவ்வேற்பாடு உண்மையான பழங்குடியினரின் பயணத்தையும் காத்திருப்பையும் நீட்டியது. சாலை முடியும் ஊர்களில் வாழ்வோர்க்கு இது சிறு இடையூறன்று.

1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைகளை வகுத்தது. குலமரபு, தெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமமுறை ஆகியவற்றை விசாரித்துப் பொருத்தம் காணும் முறை அதில் இடம்பெற்றது. இத்தகைய பொருத்தச் சோதனையில் பழைய இனவரைவியல் நூல்களே ஒப்பீட்டுக்கான படியாகின்றன. திருமணச் சடங்கு இல்லை என 1906இல் எழுதப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர்த்தி இன்று மண்டபத்தில் தாலி கட்டி மணந்தால், அவள் அடையாளத்தின் நிலை என்ன? பிற சமூகங்களுக்கு மாற்றம் வரலாறாகிறது. பழங்குடிக்கோ மாற்றமே அடையாள இழப்பாகக் கொள்ளப்படுகிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கொன்றில், பொருத்தச் சோதனை எல்லா நேர்வுகளிலும் முடிவான உரைகல் ஆகாது எனத் தெளிவுபடுத்தியது. சட்டம் தன் முந்தைய நிலையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியதன் அறிகுறி இது.

எழுத்தின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலிலேயே உள்ளது. முப்பத்தேழு பதிவுகள் கொண்ட அப்பட்டியலில் 30, 31, 32ஆம் இடங்களில் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலின் வேறுபாடு, மூன்று தனிப் பழங்குடிகள் என்னும் தோற்றத்தை ஏற்படுத்துகிறது. தம்மைப் பளியர் எனச் சொல்லிக்கொள்வோர், தம் பெயரின் ஒலிக்குச் சரியாகப் பொருந்தாத இம்மூன்றுள் ஒன்றில் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

வகைப்பாட்டின் விலை

மலைப்புலையரின் சிக்கல் வேறு. 1976ஆம் ஆண்டு பட்டியல் திருத்தச் சட்டத்துக்கு முன் தாங்கள் பழங்குடியினராகக் கொள்ளப்பட்டதாகவும், அதன்பின் பட்டியல் சாதியினராக மாற்றப்பட்டதாகவும் அவர்கள் கூறுகின்றனர். மீண்டும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நெடுங்காலக் கோரிக்கை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976இல்தான். பண்ணையடிமை நிலையிலிருந்து அவர்களை விடுவிக்கத்தக்க சட்டம் ஒருபுறமும், அவர்களின் மலைத் தொன்மையை ஏட்டிலிருந்து நீக்கியதாக அவர்கள் கருதும் சட்டம் மறுபுறமும் ஒரே ஆண்டில் நிற்கின்றன.

இரண்டும் பட்டியல்கள்தாமே, எதில் இருந்தால் என்ன என ஒருவர் கேட்கலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு விடை தருகிறது. அச்சட்டப்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வனநிலத்தைத் தம் அனுபவத்தில் வைத்திருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத பிற மரபுவழி வனவாழ்நர், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். மலைப்புலையர் இரண்டாம் வகையில் அடங்குவர். நிலம் பறிக்கப்பட்டுப் பண்ணையாட்களானோரிடம் எழுபத்தைந்து ஆண்டு ஆவணத்தைத் தேடுவது, பறித்தவரின் ஏட்டில் பறிகொடுத்தவரின் பெயரைத் தேடுவதற்கு ஒப்பாகும். குன்னுவருக்கு முன்பே இம்மலையைப் பயிரிட்டவர் புலையர் என அரசின் 1906ஆம் ஆண்டு நூலே கூறுகிறது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இழிவுபடுத்திய அதே பத்தி, உரிமைக்கான சான்றாகவும் படிக்கத்தக்கதாக உள்ளது.

608.95 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் இவ்வினா மேலும் கூர்மை பெற்றது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் தொடங்கி வரையப்பட்டுவரும் எல்லைக்கோடுகள் ஒவ்வொன்றும், கிழங்கும் தேனும் விறகும் எடுக்கும் உரிமையைச் சலுகையாகவோ குற்றமாகவோ மாற்றிவந்துள்ளன.

அன்றாட இழிவு

அன்றாட இழிவு பெரும்பாலும் வன்முறையாக வெளிப்படுவதில்லை. முதியவரையும் ஒருமையில் விளித்தல், பேச்சின் ஒலிப்பைப் போலச்செய்து நகைத்தல், வகுப்பறையில் ‘காட்டுவாசி’ எனப் பெயரிடல், சான்று கேட்டு வந்தவரின் தோற்றத்தை ஏற இறங்கப் பார்த்தல் ஆகிய சிறு செயல்களாகவே அது நிகழ்கிறது. இவற்றைச் செய்வோர் பிரான்சிஸையோ டிரேசியையோ படித்தவர் அல்லர். ஆனால் விளங்காத பேச்சு, அழுக்கான உடல், சோம்பல், கூச்சம் என்னும் நான்கு குற்றச்சாட்டுகளும் அந்நூல்களில் உள்ளவையே. நூல் உள்ளூர் மேட்டிமையிடமிருந்து கேட்டு எழுதியது. பின்னர் அதே மேட்டிமைக்கு அறிவின் மதிப்பைத் திருப்பியளித்தது. எனவே, இழிவு முழுவதையும் காலனியத்தின் மீது சுமத்துவதும் பொருந்தாது. சாதியத்தின் ஏணிப்படி முன்பே இருந்தது. காலனிய இனவரைவியல் அதற்கு அச்சும் அட்டவணையும் தந்தது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பைத் தண்டிக்கிறது. ஆனால் அவமதிப்பு பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். தோட்டத்துச் சரிவிலும் அலுவலக அறையிலும் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் சொல்லை அச்சட்டம் எட்டுவது அரிது.

கலையிலும் இதே நிலை காணப்படுகிறது. பழங்குடியினரின் ஆட்டமும் இசையும் விழா மேடையில் பாராட்டப்படுகின்றன. ஆயினும் ஆடுவோரின் பெயர், பாடலின் பொருள், அது எத்தெய்வத்துக்கு, எப்பருவத்தில் உரியது என்பன பெரும்பாலும் அறிவிக்கப்படுவதில்லை. ‘தொன்மை மாறாத’ ஆட்டம் எனப் புகழும்போதும் அது லோகூர் குழுவின் முதல் அளவுகோலையே உறுதிப்படுத்துகிறது. அருங்காட்சியகப் பேழையிலுள்ள பொருளுக்குப் பக்கத்தில் ஒரு சமூகத்தின் பெயர் இருக்கும்; அப்பொருளைச் செய்தவரின் கைத்திறனுக்குரிய பெயர் இராது.

முடிவுரை

பழனிமலைப் பழங்குடிகள் பற்றிய எழுத்தில் மூன்று படிகளை இக்கட்டுரை அடையாளம் கண்டது. முதலில், இழிவுக்கு எதிர்வினையான விலகல் கூச்சம் என்னும் இயல்பாக விவரிக்கப்பட்டது. அடுத்து, அவ்விவரிப்பு பட்டியலுக்கான விதியாயிற்று. இறுதியாக, அவ்விதியே சான்று வழங்கும் மேசையில் அன்றாட இழிவாகத் திரும்பி வந்தது.

இச்சுற்றை உடைக்கும் வழியொன்றையும் சட்டமே காட்டியுள்ளது. வன உரிமைச் சட்டம் தன் முன்னுரையில் வரலாற்று அநீதியை ஒப்புக்கொள்கிறது. அதன் விதிகள் ஊர் மூத்தோரின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து சான்றாகக் கொள்ள இடமளிக்கின்றன. மூத்தோரின் சொல் மாவட்ட நூலின் சொல்லுக்கு நிகராக வைக்கப்படுவதற்கு இதில் வழி உண்டு. தமிழ் ஆய்வுலகம் செய்யத்தக்க பணியும் இதுவே. மலைச்சாலையின் இறுதியூர் வரை சென்று, பளியரும் புலையரும் தம் நிலம், இடப்பெயர், தெய்வம், குடிபெயர்வு பற்றிக் கூறும் வரலாற்றை அவர்களின் ஒலிப்பிலேயே பதிவுசெய்து, 1868, 1906, 1909ஆம் ஆண்டு நூல்களோடு ஒப்புநோக்க வேண்டும். அவ்வாறு செல்லும் ஆய்வாளரைக் கண்டு ஒருவர் விலகுவாராயின், அவரைக் கூச்சமுடையவர் எனக் குறிப்பேட்டில் எழுதுமுன், விலகத்தக்க எதைத் தாம் செய்தோம் என ஆய்வாளர் தம்மை வினவிக்கொள்ளல் வேண்டும்.